ஒருமுறை தோற்ற கோட்பாடு

இழைக் கோட்பாடு பிறந்த கதையை எல்லோரும் சொல்கிறார்கள். அது செத்த கதையைச் சொல்பவர்கள் குறைவு. 1973 வாக்கில் அது செத்தது. பரிசோதனைதான் அதைக் கொன்றது. ஓர் ஆண்டு கழித்து வேறு வேலைக்கு மாற்றலாகி, மீண்டும் எழுந்து வந்தது. "ஸ்ட்ரிங் தியரி அறிவியல்தானா, இல்லை கணக்கு விளையாட்டா?" என்று கேட்கிறவர்களிடம் நான் அந்தச் சாவிலிருந்துதான் பேச்சைத் தொடங்குவேன்.

அறுபதுகளின் துகள் இயற்பியல் சந்தை நாள் மாதிரி. முடுக்கியில் துகள்களை மோதவிட்ட ஒவ்வொரு தடவையும் புதிதாக ஏதாவது ஒன்று தலைகாட்டும். பெயர் வைப்பதற்குள் சிதைந்து போகும். அணுக்கருவைக் கட்டிவைத்திருக்கும் வல்விசையின் பிள்ளைகள் இவை என்பது தெரியும். அந்த விசையின் விதி என்ன என்பது தெரியாது. இந்த இரைச்சலுக்கு நடுவே ஓர் ஒழுங்கு மட்டும் கண்ணில் பட்டது. துகளின் தற்சுழற்சியை ஓர் அச்சிலும் நிறையின் வர்க்கத்தை இன்னோர் அச்சிலும் குறித்தால், ஒரே குடும்பத்துத் துகள்கள் ஏறத்தாழ ஒரு நேர்கோட்டில் வரிசை கட்டி நின்றன. ஏன் நேர்கோடு என்று யாருக்கும் புரியவில்லை.

1968இல் கேப்ரியேல் வெனிசியானோ என்ற இத்தாலிய இளைஞர், இந்த ஒழுங்குக்குப் பொருந்தும் ஒரு சூத்திரத்தை எழுதினார். பதினெட்டாம் நூற்றாண்டில் ஆய்லர் வைத்துவிட்டுப் போன பீட்டா சார்புதான் அது. பழைய புத்தகத்தைப் புரட்டும்போது தற்செயலாகக் கண்ணில் பட்டது என்று ஒரு கதை உலவுகிறது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அதற்கு முன்பே கூட்டாளிகளோடு சேர்ந்து அந்தப் புதிரைக் குடைந்துகொண்டிருந்தவர் அவர்; தேடாதவன் கையில் சூத்திரம் விழுவதில்லை. அந்தச் சூத்திரத்துக்குப் பின்னால் இருப்பது புள்ளியல்ல, அதிரும் ஓர் இழை என்பதை நாம்பு, நீல்சன், சஸ்கின்ட் மூவரும் தனித்தனியே கண்டார்கள். நாம்பு இதை 1970இல் கோபன்ஹேகனில் படிக்கவேண்டிய உரைக்காக எழுதிவைத்தார். போகும் வழியில் பாலைவனத்தில் கார் பழுதாகி நின்றுவிட்டது. உரை படிக்கப்படவே இல்லை.

வீணைத் தந்தி உவமையை இந்த இடத்தில் எல்லோரும் சொல்வார்கள். நானும் சொல்லிவிடுகிறேன், ஆனால் அது எங்கே அறுந்துபோகிறது என்பதையும் சேர்த்து. தந்தி ஒன்றுதான், அதிர்வு வேறானால் சுரம் வேறு. அதுபோல இழை ஒன்றுதான், அதிர்வு வேறானால் துகள் வேறு. அதுவரை சரி. வீணைத் தந்தி உலோகத்தால் ஆனது, உலோகம் அணுக்களால் ஆனது. இந்த இழை எதனாலும் ஆனதல்ல. அதை உரித்து உள்ளே பார்க்க ஒன்றும் கிடையாது. அதற்கென்று இருப்பது இழுவிசை ஒன்றுதான். அதையும் முறுக்கிச் சுருதி கூட்ட முடியாது, இயற்கை ஏற்கெனவே கூட்டிவைத்துவிட்டது.

சுழலும் இழை அந்த நேர்கோட்டை அழகாக விளக்கியது. ஆனால் கூடவே மூன்று சங்கடங்களைக் கொண்டுவந்தது. முதலாவது, கணக்கு ஒத்துவர வேண்டுமானால் வெளியும் காலமும் சேர்ந்து 26 பரிமாணங்கள் தேவைப்பட்டன. அந்த 26 எங்கிருந்து வருகிறது என்பதில் நமக்கு ஒரு சொந்தம் இருக்கிறது. இழை தன் எல்லாச் சுரங்களிலும் ஓயாமல் நடுங்கிக்கொண்டிருக்கும். அந்த நடுக்கத்தின் ஆற்றலைக் கூட்டப்போனால் 1+2+3+4+… என்று முடிவில்லாத தொடர் வந்து நிற்கும். சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்த ராமானுஜன் 1913இல் ஹார்டிக்கு எழுதியபோது, இந்தத் தொடரின் மதிப்பு −1/12 என்று குறித்தார். இதைச் சொன்னால் என்னைப் பைத்தியக்கார விடுதிக்கு வழி காட்டுவீர்கள் என்று கேலியும் செய்துகொண்டார். சாதாரணக் கூட்டலில் வராத அந்த மதிப்பைத்தான் இழையின் கணக்கும் கேட்கிறது. இழை நடுங்கக்கூடிய ஒவ்வொரு குறுக்குத் திசைக்கும் −1/24 வீதம் வரும். மொத்தம் −1 ஆனால்தான் கணக்கு சார்பியலோடு ஒத்துப்போகும். ஆகவே 24 குறுக்குத் திசைகள், இழையின் நீளவாக்கில் ஒன்று, காலம் ஒன்று, ஆக 26.

இரண்டாவது சங்கடம், ஒளியைவிட வேகமாகவே ஓடத் தெரிந்த ஒரு துகள். மூன்றாவது, நிறையே இல்லாமல் தற்சுழற்சி 2 கொண்ட ஒரு துகள். வல்விசைத் துகள்களில் அப்படி ஒன்று கிடையாது. 1971இல் ரமோன், நெவோ, ஷ்வார்ட்ஸ் ஆகியோர் கோட்பாட்டைத் திருத்தி எழுதியபோது பரிமாணங்கள் 10 ஆகக் குறைந்தன. ஆனால் அந்த நிறையற்ற துகள் விடாப்பிடியாக உட்கார்ந்திருந்தது.

அடி வேறு பக்கத்திலிருந்து விழுந்தது. ஸ்டான்ஃபோர்டில் 3 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு நேர் முடுக்கி. அதில் எலக்ட்ரான்களை விரட்டிப் புரோட்டான்மேல் அடித்தார்கள். புரோட்டான் நீண்டு மெத்தென்ற இழையாக இருந்தால், வேகமாக வரும் எலக்ட்ரான் பெரிய கோணத்தில் திரும்பவே கூடாது. ஆனால் அவை திரும்பின, அதுவும் எதிர்பார்த்ததைவிட மிக அதிக எண்ணிக்கையில். பஞ்சு மூட்டைக்குள் கூழாங்கல் இருப்பதைக் குத்திப் பார்த்துக் கண்டுகொள்வது போல, புரோட்டானுக்குள் கெட்டியான புள்ளிகள் இருப்பதை அந்தச் சோதனை காட்டிக்கொடுத்தது. 1973இல் கிராஸ், வில்செக், பொலிட்சர் மூவரும் அந்தப் புள்ளிகளான குவார்க்குகளுக்கும், அவற்றைக் கட்டிவைக்கும் குளுவான்களுக்குமான விதியின் முக்கியப் பண்பைக் கண்டார்கள். வல்விசைக்கு விடை கிடைத்துவிட்டது. இழைக்காரர்கள் மூட்டை கட்டினார்கள்.

இதை நான் நீட்டிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒரு கோட்பாடு உலகத்தைப் பற்றி ஒன்று சொன்னது, ஐந்தாறு ஆண்டுகளில் உலகம் 'இல்லை' என்றது, கோட்பாடு விலகிக்கொண்டது. இழைக் கோட்பாட்டின் வரலாற்றில் அது அறிவியலாக மிகத் துல்லியமாக நடந்துகொண்ட காலம் அதுதான் என்பேன். அதற்குப் பின் வந்த அரை நூற்றாண்டில், அதற்குத் தோற்கும் வாய்ப்பே சரியாக அமையவில்லை.

எல்லோரும் போன பின்னும் கால்டெக்கில் ஜான் ஷ்வார்ட்ஸ் விடவில்லை. அவரும் பிரெஞ்சுக்காரரான ஜோயல் ஷெர்க்கும் 1974இல் அந்தப் பிடிவாதத் துகளைப் புதுக் கண்ணோடு பார்த்தார்கள். ஜப்பானில் யோனேயாவும் தனியே அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார். நிறையற்றது, தற்சுழற்சி 2: ஈர்ப்பு விசையைச் சுமக்கும் கிராவிட்டானுக்கு இருக்கவேண்டிய அங்க அடையாளம் அதுவேதான். வல்விசைக்கு வேண்டாத விருந்தாளி, ஈர்ப்புக்கு வீட்டுக்காரன். இழையின் அளவை மட்டும் மாற்றவேண்டியிருந்தது. முன்பு அது புரோட்டான் அளவு, 10-இன் −15-ஆம் அடுக்கு மீட்டர். இப்போது பிளாங்க் நீளத்தை ஒட்டி, 10-இன் −35-ஆம் அடுக்கு. ஒரே பேனா வீச்சில் இருபது சுழியங்கள் கீழே இறக்கிவிட்டார்கள்.

இந்த மாற்றத்தின் பலத்தைக் குறைத்துச் சொல்லக்கூடாது. ஐன்ஸ்டைனின் ஈர்ப்பையும் குவாண்டம் விதிகளையும் ஒரே தாளில் எழுதினால் முடிவிலிகள் வெடிக்கும்; துகள்கள் புள்ளிகளாக இருந்து, புள்ளியிலேயே சந்திப்பதுதான் அதற்குக் காரணம். இழைகள் சந்திக்கும் இடம் புள்ளியல்ல, பரவிய ஒன்று. முடிவிலி அங்கே கரைந்துபோகிறது. அதைவிட முக்கியமானது இன்னொன்று: ஈர்ப்பை யாரும் இதில் கொண்டுவந்து சேர்க்கவில்லை. வேண்டாம் என்று தள்ளிப் பார்த்தும் அது தானாக வந்து நின்றது.

அதே மாற்றத்தின் விலையையும் சொல்லவேண்டும். ஜெனீவாவில் 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள பெரிய ஹேட்ரான் மோதியில் இன்று எட்டப்படும் ஆற்றலை ஒரு மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், பிளாங்க் ஆற்றல் சூரியனிலிருந்து வியாழன் கோளையும் தாண்டிய தொலைவில் இருக்கும். ஸ்டான்ஃபோர்டில் நடந்தது போல இழையை நேரே குத்திப் பார்ப்பது இனி நடக்காது.

பத்து ஆண்டுகள் கிட்டத்தட்ட யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஷெர்க் 1980இல் இறந்துபோனார். 1984 கோடையில் கொலராடோவின் ஆஸ்பென் மலையூரில் ஷ்வார்ட்ஸும் மைக்கேல் கிரீனும் ஒரு கணக்கைப் போட்டார்கள். ஈர்ப்போடு மற்ற விசைகளையும் சேர்த்தால் நிகழ்தகவுகளின் கூட்டல் கோணிக்கொண்டு போகும் ஒரு நோய் உண்டு. இழைக் கோட்பாட்டில் அது தீருமா என்று பார்ப்பதே கணக்கு. பிறழ்வுகள் எல்லாம் ஒன்றையொன்று தின்று மறைய வேண்டுமானால், ஒரு குறிப்பிட்ட எண்ணிக்கை 496 ஆக இருக்கவேண்டும். இருந்தது. 496, தன்னைத் தவிர்த்த தன் வகுஎண்களின் கூட்டுத்தொகைக்குச் சமமான செவ்விய எண்களில் ஒன்று; இதற்கு இயற்பியல் பொருள் ஏதும் இல்லை, இருந்தாலும் அன்று மலைமேல் இடி இடித்தது என்று அவர்கள் சொல்லும்போது கேட்கிறவருக்கும் கொஞ்சம் சிலிர்க்கத்தான் செய்கிறது.

அதன்பின் வெள்ளம். பிரின்ஸ்டனில் எட்வர்ட் விட்டன் இறங்கினார். நால்வர் குழு ஒன்று ஹெடராட்டிக் இழை என்ற புதுவகையை உருவாக்கியது. அந்த நால்வரில் ஒருவர் டேவிட் கிராஸ். ஆம், 1973இல் பழைய இழையைப் புதைத்தவர்களில் ஒருவரான அதே கிராஸ்தான். மிச்சமுள்ள ஆறு பரிமாணங்கள் காலாபி-யாவ் என்ற வடிவங்களாகச் சுருண்டு கிடக்கலாம் என்று 1985இல் காட்டினார்கள். எலக்ட்ரானின் நிறை ஏன் இவ்வளவு, விசைகளின் வலிமை ஏன் இவ்வளவு என்று துகள் இயற்பியலின் நிலைமாதிரியில் பரிசோதனையைப் பார்த்து நிரப்பிக்கொள்ளும் ஏறத்தாழ இருபது எண்களும் இனிக் கணக்கிலிருந்தே உதிரும் என்பது அன்றைய பேச்சு. கோட்பாடு ஒன்றே ஒன்று, அதில் திருகாணிகள் கிடையாது, எனவே விடையும் ஒன்றே.

எல்லோரும் மயங்கவில்லை. 1986இல் ஷெல்டன் கிளாஷோவும் பால் கின்ஸ்பார்கும் சேர்ந்து எழுதிய கட்டுரையில், இந்த வேலை ஒருநாள் இறையியல் கல்லூரிகளுக்குப் போய்ச் சேர்ந்துவிடும் என்று பகடி செய்தார்கள். வேடிக்கை என்னவென்றால், அந்த கின்ஸ்பார்க்தான் 1991இல் இழைக்காரர்கள் முன்வரைவுகளைப் பரிமாறிக்கொள்ள ஒரு கணினிக் கிடங்கைத் தொடங்கினார். இன்று உலகமே பயன்படுத்தும் ஆர்க்சைவ் அது. அதனால் பெரிய நன்மை அடைந்தவர்களில் இந்தியர்களும் உண்டு. அதுவரை பிரின்ஸ்டனில் எழுதிய தாள் கப்பலேறி வந்து சேர மாதக்கணக்காகும். அதன்பின் அதே நாளில் மும்பையில் படிக்கலாம். முடுக்கி கட்டப் பணமில்லாத நாட்டில் தாளும் பென்சிலும் போதும் என்ற துறை வேர்பிடித்ததில் வியப்பில்லை. மும்பை டாட்டா ஆய்வு நிறுவனத்தில் இருந்த அசோக் சென், 1994இல் வெவ்வேறாகத் தோன்றும் இழைக் கோட்பாட்டுக் கணக்குகள் ஒன்றே என்பதற்கு வலுவான சான்று தந்தார். அடுத்த ஆண்டு ஐந்து இழைக் கோட்பாடுகளும் 11 பரிமாண மூலம் ஒன்றின் முகங்கள் என்று விட்டன் அறிவிக்க, சென்னின் வேலை அதற்குத் தோள்கொடுத்தது.

'ஒன்றே' என்ற வாக்கு கோட்பாட்டளவில் காப்பாற்றப்பட்டது. விடையளவில் அது உடைந்தது, உடைந்த விதம்தான் இன்றைய சண்டைக்கு மூலம்.

ஆறு பரிமாணங்களைச் சுருட்டிவைக்க எத்தனை வழி? முதலில் ஒரு கைவிரல் எண்ணிக்கை என்று நினைத்தார்கள், பிறகு ஆயிரங்கள் ஆயின. 1998இல் அண்டத்தின் விரிவு வேகமெடுக்கிறது என்று வெடிமீன்களை அளந்தவர்கள் கண்டபோது, வெற்று வெளிக்கே ஒரு சிறிய நேர்மறை ஆற்றல், இருள் ஆற்றல், இருக்கவேண்டும் என்றாகியது. இழைக் கோட்பாடு அதை இயல்பாகத் தரவில்லை. 2003இல் கச்ரு, கல்லோஷ், லிண்டே, மும்பையின் சந்தீப் திரிவேதி ஆகிய நால்வர் அதை வரவழைக்க ஒரு செய்முறை எழுதினார்கள். செய்முறை பலித்தது, ஆனால் அது ஒரு விடையோடு நிற்கவில்லை. 1-க்குப் பின்னால் 500 சுழியம் போட்டால் வரும் எண்ணிக்கையில் உலகங்கள் சாத்தியம் என்றாகியது. நாம் காணக்கூடிய அண்டத்தில் உள்ள அணுக்களின் எண்ணிக்கைக்கே 80 சுழியம் போதும். ஒவ்வோர் உலகத்திலும் எலக்ட்ரானுக்கு வேறு நிறை, விசைக்கு வேறு வலிமை. நம் உலகத்தின் எண்கள் ஏன் இப்படி என்று கேட்டால், வேறு மாதிரி இருந்தால் கேட்க நீ இருந்திருக்கமாட்டாய் என்பது பதில். சஸ்கின்ட் இதை வரவேற்றார். கிராஸ் கடுமையாக எதிர்த்தார்.

எலக்ட்ரான் நிறையைக் கணக்கிட்டுத் தருகிறேன் என்று கடன் வாங்கியவர், கடன் திரும்பக் கேட்டபோது 'எல்லா நிறையும் எங்கோ ஓரிடத்தில் சரிதான்' என்று சொன்ன மாதிரி எனக்குப் படுகிறது. கண்ணுக்கெட்டாத ஆற்றலில் இருப்பது ஒரு கோட்பாட்டின் குற்றமல்ல. பவுலி 1930இல் ஊகித்த நியூட்ரினோ 1956இல்தான் பிடிபட்டது. ஈர்ப்பலைகள் 1916இல் காகிதத்தில் பிறந்து 2015இல் கருவியில் அகப்பட்டன. ஆனால் நியூட்ரினோ எப்படி இருக்கும், எவ்வளவு அரிதாக மோதும் என்று முன்கூட்டியே சொல்ல முடிந்தது. அலை எந்த வேகத்தில் வரும் என்பதும் எழுதப்பட்டிருந்தது. காத்திருந்தவர்களுக்கு எதற்காகக் காத்திருக்கிறோம் என்பது தெரியும்.

இழைக் கோட்பாட்டை வைத்து ஒன்றும் சோதிக்கவில்லை என்பதும் பொய். 1998இல் கூடுதல் பரிமாணங்கள் மில்லிமீட்டர் அளவுக்குக்கூடப் பெரிதாக இருக்கலாம் என்ற யோசனை எழுந்தது. அப்படியானால் மிக நெருக்கத்தில் நியூட்டனின் ஈர்ப்பு விதி மாறவேண்டும். சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகக் குழு முறுக்குத் தராசு ஒன்றைத் தொங்கவிட்டு, வருடக்கணக்கில் பொறுமையாக அளந்தது. 2020இல் வெளிவந்த அளவீட்டின்படி, 52 மைக்ரோமீட்டர் வரை, அதாவது தலைமயிரின் தடிமனுக்குள், நியூட்டன் அசையவில்லை. ஜெனீவா மோதி 2012இல் ஹிக்ஸைக் கண்டது. சூப்பர்சிமெட்ரி என்ற சமச்சீர்மையின்படி கூடவே வரும் என்று பலர் எதிர்பார்த்த துகள்கள் எதுவும் வரவில்லை. அந்தச் சமச்சீர்மை இழைக் கோட்பாட்டின் எலும்பில் இருப்பது. இரண்டு சோதனைகளும் இல்லை என்றன. இரண்டுக்கும் கோட்பாடு அசரவில்லை. பரிமாணங்கள் இன்னும் சிறியவை, துகள்கள் இன்னும் கனமானவை என்று சொல்ல அதற்கு இடமிருந்தது. 1973இல் அப்படிச் சொல்ல இடம் இருக்கவில்லை.

கார்ல் பாப்பர் இருந்திருந்தால் கதவைச் சாத்தியிருப்பார் என்பார்கள். பொய்யென்று காட்டும் வழி இல்லாதது அறிவியலல்ல என்பது 1934இல் அவர் வகுத்த கோடு. 2006இல் பீட்டர் வோய்ட்டும் லீ ஸ்மோலினும் எழுதிய நூல்கள் இந்தக் கோட்டைப் பொதுமக்கள் முன் வரைந்தன. 2014 டிசம்பரில் ஜார்ஜ் எல்லிஸும் ஜோ சில்க்கும் நேச்சர் இதழில் இயற்பியலின் நேர்மையைக் காக்கவேண்டும் என்று குரல் எழுப்பினார்கள். மறு ஆண்டு மியூனிக்கில் இயற்பியலாளர்களும் தத்துவவாதிகளும் ஒரே அறையில் அமர்ந்து, ஒரு கோட்பாட்டை எப்போது நம்பலாம் என்று விவாதித்தார்கள்.

அங்கே நடுநாயகமாக இருந்தது ரிச்சர்ட் டாவிட் என்ற தத்துவவாதியின் வாதம். பரிசோதனை எட்டாத இடத்திலும் நம்பிக்கைக்கு நியாயமான அடையாளங்கள் உண்டு என்கிறார் அவர். பலர் பலகாலம் தேடியும் வேறு மாற்று கிடைக்கவில்லை. ஒன்றை விளக்கக் கட்டிய கோட்பாடு, கேட்காத வேறு பலவற்றையும் விளக்குகிறது. இவற்றைக் கண்டால் கோட்பாடு சரியான தடத்தில் இருக்க வாய்ப்பு அதிகம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. எனக்கு மறுப்பாகத் தோன்றுவது தர்க்கம் அல்ல. ஒரு புகை வளையம்.

1867 தொடக்கத்தில் எடின்பரோவில் பீட்டர் டெய்ட் ஒரு பெட்டியின் பின்புறத்தைத் தட்டித் தட்டி, முன்னிருந்த துளை வழியே புகை வளையங்களை விட்டுக் காட்டினார். பார்த்துக்கொண்டிருந்தவர் வில்லியம் தாம்சன், பிற்காலத்து கெல்வின் பிரபு. வளையங்கள் முட்டிக்கொண்டாலும் உடையாமல் ரப்பர் போல அதிர்ந்து விலகின. தாம்சனுக்குப் பொறி தட்டியது: அணு என்பது ஈதரில் சுழலும் வளையம். முடிச்சு வேறானால் தனிமம் வேறு. வளையம் அதிரும் விதமே தனிமத்தின் நிறமாலை. உராய்வற்ற பாய்மத்தில் முடிச்சு அவிழாது, ஆகவே அணு அழியாது. ஒரே ஒரு பொருள், ஒரே ஒரு விதி, அதன் அதிர்வுகளிலிருந்து சகலமும். மாக்ஸ்வெல் இதைப் புகழ்ந்தார். இளம் ஜே. ஜே. தாம்சன் சுழல் வளையங்களைப் பற்றி எழுதிக் கேம்பிரிட்ஜின் ஆடம்ஸ் பரிசு வாங்கினார். மாற்று ஒன்றும் கண்ணில் படவில்லை. டாவிட்டின் தேர்வில் சுழல் அணு நல்ல மதிப்பெண்ணோடு தேறியிருக்கும்.

அது முழுக்கத் தவறு. வில்லியம் தாம்சனே 1890 வாக்கில் கைவிட்டார். 1897இல் எலக்ட்ரானைக் கண்டு அணுவைப் பற்றிய பேச்சையே மாற்றியவர், சுழல் வளையத்தில் தொழில் பழகிய அதே ஜே. ஜே. தாம்சன்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை என்பதையும் சொன்னால்தான் நியாயம். எந்தத் தனிமத்துக்கு எந்த முடிச்சு என்று பட்டியல் போடுவதற்காக டெய்ட் வருடக்கணக்கில் முடிச்சுகளை எண்ணினார். கயிறு பத்து இடங்களில் குறுக்கிடுவது வரை பட்டியல் வளர்ந்தது. இயற்பியல் செத்தது, முடிச்சுக் கணிதம் பிழைத்தது. 1989இல் அந்த முடிச்சுகளை வகைப்படுத்தும் ஜோன்ஸ் பல்லுறுப்புக் கோவைக்குக் குவாண்டம் புலத்திலிருந்து விளக்கம் கொடுத்தவர் எட்வர்ட் விட்டன். அடுத்த ஆண்டு கணிதத்தின் மிக உயர்ந்த ஃபீல்ட்ஸ் பதக்கம் அவருக்குக் கிடைத்தது. அதைப் பெற்ற முதல் இயற்பியலாளர்.

இழைக் கோட்பாடு கணிதத்துக்குக் கொடுத்ததை நினைக்கும்போது, விளையாட்டு என்று கையை உதறிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. 1991இல் நடந்த ஒன்று. ஐந்தாம் படிச் சமன்பாட்டால் அமையும் ஒரு காலாபி-யாவ் வடிவத்துக்குள் எத்தனை நேர்கோடுகளை வரையலாம்? 2,875 என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தெரியும். அடுத்த நிலை வளைவுகள் 6,09,250 என்பது 1986இல் தெரிந்தது. மூன்றாம் நிலை வளைவுகளை எண்ணுவது மலையேறுவது போன்ற வேலை. டெக்சாஸில் காண்டெலாஸின் குழு, இழைக் கோட்பாடு காட்டிய கண்ணாடிச் சமச்சீர்மையைப் பிடித்துக்கொண்டு, 31,72,06,375 என்றது. நார்வேயில் எலிங்ஸ்ருட், ஸ்ட்ரோம்மே என்ற இரு கணிதவியலாளர்கள் கணினியில் முறைப்படி எண்ணி, 268,25,49,425 என்றார்கள். இரண்டும் ஒன்றாக முடியாது. கணிதவியலாளர்கள் நமட்டுச் சிரிப்பு சிரித்திருப்பார்கள். கொஞ்ச நாளில் நார்வேக்காரர்கள் தங்கள் நிரலில் பிழையைக் கண்டார்கள். திருத்தி ஓட்டியதும் வந்தது 31,72,06,375. நிறுவல் பிறகுதான் வந்தது.

கருந்துளையில் ஒன்று. கருந்துளையின் என்ட்ரோபி அதன் பரப்பில் கால்பங்கு என்று பெக்கன்ஸ்டைனும் ஹாக்கிங்கும் எழுபதுகளில் கண்டார்கள். என்ட்ரோபி என்றால் உள்ளே எண்ணத்தக்க நிலைகள் இருக்கவேண்டும், எவை அவை? 1996இல் ஸ்ட்ராமிஞ்சரும் வாஃபாவும் இழைகளைக் கொண்டு எண்ணிக் காட்டினார்கள். அந்தக் கால் உட்பட அப்படியே வந்தது. ஆனால் அவர்கள் எண்ணியது ஐந்து பரிமாணத்தில், சூப்பர்சிமெட்ரி கொண்ட, வானத்தில் எங்கும் இல்லாத ஒரு கருந்துளை. இந்த 'ஆனால்' இழைக் கோட்பாட்டின் ஒவ்வொரு வெற்றிக்கும் வால்போல ஒட்டிக்கொண்டு வருகிறது.

எனவே நம்பலாமா என்ற கேள்விக்கு நான் ஒரே பதில் வைத்திருக்கவில்லை. ஈர்ப்பும் குவாண்டமும் முரணில்லாமல் சேர்ந்து வாழ ஒரு வழியாவது உண்டு என்று காட்டியதில் அதை நம்புகிறேன். நம் உலகம் அந்த வழியில்தான் வாழ்கிறது என்ற கூற்றை நம்ப எனக்குக் காரணம் கிடைக்கவில்லை. சார்பியல், பரிணாமம் இவற்றோடு ஒரே மூச்சில் 'கோட்பாடு' என்று அதைச் சொல்லும்போது நாக்கு கொஞ்சம் தயங்கத்தான் வேண்டும்.

நல்ல வேளையாக, தோற்பதற்கான வழியை இழைக்காரர்களே இப்போது தேடத் தொடங்கியிருக்கிறார்கள். அந்த 500 சுழிய உலகங்களில் எத்தனை உண்மையில் ஈர்ப்போடு ஒத்துவாழும் என்று 2005இல் வாஃபா கேட்டார். ஒத்துவராதவற்றைச் சதுப்பு நிலம் என்றார். 2018இல் அவரும் கூட்டாளிகளும் இன்னும் ஒரு படி போய், நிலையான நேர்மறை இருள் ஆற்றல் கொண்ட உலகம் ஒன்றுகூட இழைக் கோட்பாட்டில் இல்லை என்று ஊகித்தார்கள். விடைகள் எண்ணிலடங்கா என்று ஒரு பக்கமும், பூச்சியம் என்று மறு பக்கமும் ஒரே கூடாரத்துக்குள் சண்டை நடக்கிறது. வாஃபா சரியாக இருந்து, இருள் ஆற்றல் இம்மியும் மாறாதது என்று வானம் காட்டிவிட்டால், இழைக் கோட்பாடு இரண்டாம் முறை சாகும். அரிசோனா மலை ஒன்றில் கோடிக்கணக்கான விண்மீன் மண்டலங்களின் தொலைவை அளந்துவரும் டெசி கருவி, 2024, 2025 ஆண்டுகளின் முடிவுகளில் இருள் ஆற்றல் மெலிந்துவரலாம் என்று கோடி காட்டியிருக்கிறது. உறுதியாக எதுவும் சொல்ல இன்னும் தரவு போதாது. இருந்தாலும், நெடுங்காலத்துக்குப் பின் இழைக்காரர்கள் ஒரு தொலைநோக்கியை நெஞ்சு படபடக்கப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

இனி அந்தப் பழைய நேர்கோடு. குவார்க்குகளின் விதி வந்தபின் அது என்ன ஆனது? எங்கும் போகவில்லை. இரண்டு குவார்க்குகளைப் பிரித்து இழுத்தால் அவற்றின் நடுவே புலம் சிதறாமல் ஒரு மெல்லிய குழாயாக இறுகிக்கொள்கிறது. எவ்வளவு தூரம் இழுத்தாலும் இழுவிசை குறைவதில்லை. கணினியில் போட்டுப் பார்த்தால் அந்தக் குழாய் கிட்டத்தட்ட இழை போலவே அதிர்கிறது. அதன் இழுவிசை ஏறத்தாழ 16 டன் எடை, சரக்கேற்றிய ஒரு லாரியைத் தூக்கிப் பிடிக்கும் அளவு. அது ஒரு புரோட்டானுக்குள் அடங்கியிருக்கிறது. வெனிசியானோவின் சூத்திரத்துக்குப் பின்னால் நாம்பு கண்ட இழை அதுதான். அடிப்படை இழை என்ற பட்டத்தை 1973இல் இழந்தது, ஆனால் ஒவ்வோர் அணுக்கருவிலும் இந்த நொடியும் இழுத்துக்கொண்டிருக்கிறது.